ஏலக்கா ஏலமும் கார்த்திகை ஒண்ணும்: ஒரு லோட் டெஸ்டிங் டூல் எடுத்த கதை

"எந்த லோட் டெஸ்டிங் டூல்ணே நல்லாருக்கும்?" இந்தக் கேள்வி வாட்ஸப்புல வந்துக்கிட்டேதான் இருக்கு. லோட் டெஸ்ட்னா, ஒரு டூலை வச்சு போலி யூசர்களைக் கூட்டமா அனுப்பி சைட்டு எவ்வளவு தாங்கும்னு பாக்குறது. கேக்குறவங்க கூடவே ஒரு எக்செல் ஷீட்டும் அனுப்புவாங்க. இடப்பக்கம் ஜேமீட்டர், கேட்லிங், கே6, லோகஸ்ட், லோட்ரன்னர்னு வரிசையா பேரு, மேல ஓப்பன் சோர்ஸா, எந்த லாங்குவேஜ்ல ஸ்க்ரிப்ட், ரெக்கார்டிங் உண்டா, ரிப்போர்ட் அழகா வருமா, விலை என்னன்னு கட்டம் கட்டமா டிக் மார்க். அதுல இருக்குறது எதுவும் பொய் இல்ல, எல்லாம் டூல்காரங்க சைட்டுலயே இருக்குற தகவல்தான். ஆனா நான் முதல்ல தேடுற கட்டம் ஒண்ணு இருக்கு, அது மட்டும் அந்த ஷீட்டுகள்ல இருக்கவே மாட்டேங்குது. சர்வர் திணற ஆரம்பிச்சா இந்த டூல் என்ன செய்யும், அதுவும் சேந்து நின்னுக்குமா இல்ல அது பாட்டுக்கு ஆளை அனுப்பிக்கிட்டே இருக்குமா? இதுக்குப் பதில் தெரியாம மத்த டிக் மார்க்க எண்ணிப் பாத்து டூல் எடுக்குறது வீண் வேலைங்கிறது என் கட்சி. ரொம்ப நாளா இதை யார்கிட்ட சொன்னாலும் "சரிண்ணே, ஆனா எது பெஸ்ட்?"னு திரும்ப அங்கயே வந்து நிக்கிறாங்க, அதான் ஒரு தடவை உக்காந்து முழுசா எழுதிரலாம்னு.

நாங்க கம்பத்துல இருந்து வேலை பாக்குற சின்ன டீம். பெரிய கம்பெனி ப்ராஜெக்ட் எல்லாம் கிடையாது, தோட்டக்காரங்களுக்கு சம்பளக் கணக்கு, லாட்ஜுக்கு பில்லிங், இப்படித்தான் பொழப்பு ஓடுது. குமுளியில வேன், ஜீப்பு, ரூம்னு வச்சிருக்குற கொஞ்சம் பேரு சங்கமா சேந்து ஒரு புக்கிங் சைட்டு நடத்துறாங்க, சபரிமலை சீசன்தான் அவங்களுக்கு உசுரு. இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், கார்த்திகை ஒண்ணு பொறந்தா மண்டல பூஜை வரைக்கும், அப்புறம் மகரவிளக்கு வரைக்கும், கம்பத்துல இருந்து குமுளி வரைக்கும் ரோட்டுல வண்டிதான் தெரியும், ரோடு தெரியாது. நெரிசல் முத்துனா போலீஸ் கம்பம்மெட்டு வழியா மேல ஏத்தி குமுளி வழியா கீழ இறக்கிவிடும். அந்தக் கூட்டத்துல நிறையப் பேரு வீட்ல கெளம்பும்போதே வண்டியும் ரூமும் போட்டுட்டுத்தான் வர்றாங்க. புக்கிங் திறக்குற தேதியை முன்னாடியே குருசாமிகள் குரூப்ல போட்டுருவாங்க, காலையில அந்த நேரத்துக்கு சேலத்துலயும் சித்தூர்லயும் இருக்குற ஆளுக எல்லாம் ஒரே சமயத்துல போனைத் தட்டுவாங்க.

அந்த சைட்டை முதல்ல கட்டுனது நாங்க இல்ல. வேற ஒரு கம்பெனி கட்டி, அவங்களே லோட் டெஸ்ட்டும் பண்ணி, "500 யூசர் ஒரே நேரத்துல வந்தாலும் தாங்கும்"னு ரிப்போர்ட் போட்டுக் குடுத்துட்டாங்க. புக்கிங் திறந்த காலையில சைட்டு படுத்துருச்சு. சுத்தற வட்டம் சுத்திக்கிட்டே இருந்துருக்கு, சில பேருக்கு காசு போயிருச்சு டிக்கெட் வரல, சில பேருக்கு ஒரே ரூமு. சங்கத்துல பெரியவர் ஒருத்தர், குமுளியிலயே பொறந்து வளந்த தமிழ்க் குடும்பம், அவருதான் எங்களைக் கூப்பிட்டாரு. "தம்பி, ரிப்போர்ட்டைப் பாருங்க, எல்லாம் பாஸுனு இருக்கு. சைட்டைப் பாருங்க. ரெண்டுல எது பொய்யி?"ன்னாரு. எங்களுக்கு வேலையைக் குடுக்குறதுக்கு முன்னாடி அவருக்கு அது தெரியணும், ஏன்னா அடுத்த தடவையும் யாராவது ஒரு ரிப்போர்ட்டோடதான் வருவாங்க, அதை எப்படி நம்புறது.

அந்த ரிப்போர்ட்டு

பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்ட் பண்ணுன ரிப்போர்ட். முக்காவாசி பக்கம் டூல் என்ன, வெர்ஷன் என்ன, மெஷின் என்னன்னு. உள்ள ரெண்டு விஷயம்தான் உருப்படி. ஒரு சின்ன டேபிள், அதுல சராசரி ரெஸ்பான்ஸ் டைம், 90வது பெர்சன்டைல் (நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு இத்தனை நேரத்துக்குள்ள பதில் வந்துருச்சுங்கிற அளவு), எரர் சதவீதம். அடுத்த பக்கம் ஒரு கிராஃப், அதுல ரெண்டு கோடு: யூசர் எண்ணிக்கை ஒண்ணு, செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட், அதாவது சர்வர்கிட்ட எத்தனை கேள்வி, போச்சுங்கிறது ஒண்ணு. நம்பரை கணக்குப் போட வசதியா ரவுண்டா சொல்றேன். 500 யூசர், அரை மணி நேரம் ஓட்டிருக்காங்க. சராசரி 2 செகண்ட் சொச்சம், 90வது பெர்சன்டைல் 1 செகண்ட், எரர் பூஜ்யம். இதைப் பாத்தா யாரும் பாஸுன்னுதான் சொல்லுவாங்க.

எனக்கு உறுத்துனது அந்த ரெண்டு நம்பர். பத்துல ஒம்பது பேருக்கு 1 செகண்ட்ல முடிஞ்சிருச்சுன்னா சராசரி எப்படி அதைவிட டபுளா வரும்? மிச்சம் இருக்குற பத்துல ஒருத்தர் யாரோ எங்கயோ நல்லா மாட்டிருக்காரு. அப்புறம்தான் கிராஃபை நல்லாப் பாத்தேன். யூசர் கோடு ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி 500ல நேரா போகுது. ரிக்வெஸ்ட் கோடு செகண்டுக்கு 50ல போய்க்கிட்டு இருந்தது நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் 20க்கு இறங்கி அப்புறம் மறுபடி 50க்கு ஏறுது. ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். அதைப் பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல.

இங்கதான் பழைய கணக்கு ஒண்ணு கைகுடுத்துச்சு. 1961ல ஜான் லிட்டில்னு ஒருத்தர் நிரூபிச்ச விதி: உள்ள இருக்குற ஆளு எண்ணிக்கை சமம் செகண்டுக்கு வர்ற ஆளு பெருக்கல் ஒருத்தர் உள்ள இருக்குற நேரம். காப்பிக்கடைக்கும் பொருந்தும் சர்வருக்கும் பொருந்தும். ஸ்க்ரிப்ட்ல ஒவ்வொரு யூசரும் ஒரு பக்கம் வந்ததும் 9 செகண்ட் யோசிக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. சர்வர் 1 செகண்ட் எடுத்தா ஒரு சுத்துக்கு 10 செகண்ட், 500 யூசர், அப்ப செகண்டுக்கு 50. சரியா வருது. அந்தப் பள்ளத்துல செகண்டுக்கு 20தான், 500ஐ 20ஆல வகுத்தா 25 செகண்ட், அதுல யோசிக்கிற 9ஐக் கழிச்சா 16. அதாவது அந்த அஞ்சு நிமிஷமும் சர்வர் ஒவ்வொருத்தருக்கும் 16 செகண்ட் எடுத்துருக்கு. டேபிள்ல அது ஏன் தெரியலன்னா, அந்த அஞ்சு நிமிஷத்துல போனதே 6,000 ரிக்வெஸ்ட்தான், மிச்ச 25 நிமிஷத்துல 75,000 போயிருக்கு. கஷ்டப்பட்டது மொத்தத்துல 8 சதவீதத்துக்கும் கீழ, அதனால 90வது பெர்சன்டைல் கண்ணுலயே படாது. சர்வர் எவ்வளவுக்கு எவ்வளவு மோசமா நடந்துக்குச்சோ அவ்வளவுக்கு அவ்வளவு கம்மியா கணக்குல ஏறிருக்கு.

அதைவிட பெரிய கோளாறு இன்னொண்ணு. அந்த அஞ்சு நிமிஷமும் டூல் சர்வருக்கு இரக்கம் காட்டிருக்கு. முன்னாடி அனுப்புன ஆளுக்குப் பதில் வந்தாத்தான் அடுத்தது அனுப்பும், அதனால சர்வர் மெதுவானதும் அதுவும் 50ல இருந்து 20க்கு இறங்கிக்கிச்சு. நிஜத்துல சேலத்துல உக்காந்து போனைத் தட்டுற சாமிக்கு சித்தூர் சாமி மாட்டிக்கிட்டு இருக்குறது எப்படித் தெரியும்? அவரு பாட்டுக்கு வருவாரு. செகண்டுக்கு 50 பேரு வர்ற இடத்துல 20 பேரைத்தான் அனுப்ப முடியுதுன்னா செகண்டுக்கு 30 பேரு தேங்குவாங்க, அஞ்சு நிமிஷத்துல 9,000 பேரு. டெஸ்ட்ல அந்த நேரத்துல உள்ள காத்துக்கிட்டு இருந்தது எத்தனை? இருபதைப் பதினாறால பெருக்குனா 320. மிச்ச 180 யூசர் 'யோசிச்சுக்கிட்டு' இருந்தாங்க. 320 பேரைக் காக்க வச்சுப் பாத்துட்டு 9,000 பேரு வர்ற வாசலுக்கு பாஸ் போட்டுக் குடுத்துருக்காங்க. இதுலயும் பாதிப் பேரு பொறுக்காம ரெஃப்ரெஷ் அடிப்பாங்க, அது தனிக் கூட்டம்.

பெரியவர்கிட்ட "ரெண்டும் பொய் இல்லய்யா, ரிப்போர்ட்ல இருக்குற கேள்வி வேற, உங்க காலை நேரம் கேட்ட கேள்வி வேற"ன்னு சொன்னேன். அவருக்கு அது புடிபடல. அப்ப சொன்னதுதான் ஏலக்கா உதாரணம்.

புத்தடி ஏலக் கூடம்

எங்க மாமாவுக்கு வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காயை அறுவடை பண்ணி, ஸ்டோர்ல உலத்தி, புத்தடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குக் கொண்டு போவாரு. ஸ்பைசஸ் போர்டு இ-ஆக்ஷன் நடத்துற இடம் ரெண்டும். கூடத்துல வியாபாரிங்க ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாங்க, சாம்பிள் வரும், கையில உருட்டிப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க, லாட்டுக்கு விலை ஏத்துவாங்க. லாட்டு முடிஞ்சாத்தான் அடுத்த லாட்டு. இடையில சிஸ்டம் ஒரு நிமிஷம் நின்னா என்ன ஆகும்? எல்லாரும் உக்காந்த எடத்துல உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் டீ கேப்பாரு, ஒருத்தர் சத்தம் போடுவாரு, ஆனா ரோட்டுல இருந்து புதுசா 9,000 வியாபாரி உள்ள வந்து உக்காரப் போறதில்ல. ஆளு எண்ணிக்கை கட்டுனது கட்டுனதுதான். சிஸ்டம் மெதுவானா வேலையும் மெதுவாகும், தானா சரியாகும்.

அந்தக் கூடத்துக்கு லோட் டெஸ்ட் பண்ணணும்னா அந்த 500 யூசர் மாதிரி டெஸ்ட்தான் கரெக்டு. ஆபீஸுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர், கால் சென்டர், பேங்க் கவுன்ட்டர், எல்லாம் இந்த ரகம். இதை குளோஸ்டு மாடல்ம்பாங்க. கார்த்திகை சீசன் புக்கிங் அந்த ரகம் இல்ல, அது ஓப்பன் மாடல், ஆளு வர்றதுக்கும் சர்வர் நிலவரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இது நான் கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணும் இல்ல, 2006லயே ஷ்ரோடர், வியர்மன், ஹார்ச்சல்-பால்ட்டர்னு மூணு பேரு இதைப் பத்தி ஒரு பேப்பர் எழுதி, ஒரே சர்வரை ரெண்டு மாடல்லயும் அடிச்சா முடிவு எவ்வளவு தூரம் வேறயா வருதுன்னு காட்டிட்டாங்க. கில் டெனேங்கிறவர் இதே பொய்யோட இன்னொரு முகத்துக்கு, அதாவது சர்வர் நின்ன நேரத்துல போகாத ரிக்வெஸ்ட் கணக்குலயே வராம போறதுக்கு, 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்'னு பேரு வச்சு வருஷக்கணக்கா மேடை மேடையா பேசிட்டாரு. ஆனாலும் நம்ம ஷீட்டுகள்ல அந்தக் கட்டம் வரல.

ஏன் வரலன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தத் தொழிலை பெரிசா நடத்துனது லோட்ரன்னர். மெர்க்குரி கம்பெனி பண்ணது, 2006ல எச்பி வாங்குச்சு, 2017ல மைக்ரோ ஃபோகஸ் கைக்குப் போச்சு, 2023ல ஓப்பன்டெக்ஸ்ட். கை மாறிக்கிட்டே இருந்தாலும் விலை பேசுறது என்னமோ வெர்ச்சுவல் யூசர், அதாவது டூல் உண்டாக்குற போலி யூசர், எத்தனைங்கிற கணக்குலதான். எத்தனை யூசர்னுதான் லைசென்ஸ், அதனால எத்தனை யூசர்னுதான் டெண்டர், அதனால எத்தனை யூசர்னுதான் நம்ம வாயிலயும் வருது. அந்தக் காலத்து ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு அது சரியான கணக்கும்கூட. ஆனா இப்ப "2,000 யூசர் தாங்கணும் தம்பி"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது, யோசிக்கிற நேரம் எவ்வளவு, ஒரு நாளைக்கா ஒரு நிமிஷத்துக்கா? அதைச் சொல்லாம 2,000ங்கிற நம்பருக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

டூலுக்கே ஒரு டெஸ்ட்

சரி, எந்த டூலை எடுக்குறதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். ஷீட்டைத் தூக்கிப் போட்டுட்டு நாங்க பண்ணுனது இதுதான். வேணும்னே கெட்டுப்போற ஒரு குட்டி சர்வர் எழுதினோம், ஒரு பக்கத்துக்குள்ள அடங்குற கோடு. வழக்கமா 10 மில்லி செகண்ட்ல பதில் சொல்லும். ஆரம்பிச்சு 20 செகண்ட் ஆனதும் அடுத்த 20 செகண்டுக்கு வர்ற எல்லா ரிக்வெஸ்ட்டையும் புடிச்சு வச்சுக்கும், நேரம் முடிஞ்சதும் ஒரே அடியா எல்லாருக்கும் பதில் விட்டுட்டு பழையபடி ஓடும். ஒவ்வொரு டூலையும் இது மேல செகண்டுக்கு 50 வீதம் ஒரு நிமிஷம் ஓட விடணும். டெஸ்ட்டோட பதில் நமக்கு முன்கூட்டியே தெரியும்ங்கிறதுதான் இதுல விசேஷம். 3,000 பேரு வரணும், அதுல 1,000 பேரு அந்த அடைப்புல மாட்டுவாங்க, முதல்ல வந்தவரு 20 செகண்ட் நிப்பாரு, கடைசியா வந்தவரு நிக்கவே மாட்டாரு, சராசரியா 10 செகண்ட். மொத்தத்துக்கும் சராசரி போட்டா 3.3 செகண்ட். 95வது பெர்சன்டைல் 17 செகண்ட், 99வது 19 செகண்டுக்கு மேல. எந்த டூல் இதுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் சொல்லுதோ அது நிஜத்தைச் சொல்லுது.

ஜேமீட்டர்ல எல்லாரும் பண்ற மாதிரி 10 த்ரெட் (ஒரு த்ரெட்டுன்னா ஒரு போலி யூசர்), ஒவ்வொண்ணும் பதில் வந்ததும் 190 மில்லி செகண்ட் நிக்கிற மாதிரி வச்சா சும்மா இருக்குறப்ப கரெக்டா செகண்டுக்கு 50 போகும். அடைப்பு வந்ததும் பத்து த்ரெட்டும் ஆளுக்கொரு ரிக்வெஸ்ட்டோட மாட்டிக்கும், 20 செகண்டும் வேற எதுவுமே போகாது. ரிப்போர்ட்ல மொத்தம் 2,010 ரிக்வெஸ்ட், சராசரி 0.11 செகண்ட், 99வது பெர்சன்டைல் எவ்வளவு தெரியுமா, அதே 10 மில்லி செகண்ட்! மாட்டுன பத்து பேரு அரை சதவீதம்தானே, 99க்குள்ள வரமாட்டாங்க. 19 செகண்டுன்னு சொல்ல வேண்டிய இடத்துல 10 மில்லி செகண்டுன்னு சொல்லுது, கிட்டத்தட்ட ரெண்டாயிரம் மடங்கு. இதைத் திரையில நேரா பாத்ததும் எங்க டீம்ல இருக்குற டெஸ்டர் தங்கச்சி, ஜேமீட்டர்ல ஊறுனவ, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இது டூல் மேல தப்பு இல்லண்ணே, நாம அதை ஓட்டுற விதம்"னா. அது நியாயம்தான். 1998ல இருந்து இருக்குற டூல், அது பாத்த லோட் யாரும் பாக்கல. 2022ல வந்த 5.5 வெர்ஷன்ல ஓப்பன் மாடல் த்ரெட் குரூப்னே ஒண்ணு குடுத்துருக்காங்க, அதைப் போட்டு ஓட்டுனா நம்பர் சரியா வருது. எக்ஸ்பெரிமென்டல்னு முத்திரை குத்தி வச்சிருக்காங்க, அதனால யாரும் கை வைக்கிறதில்ல போல.

லோகஸ்ட் பைத்தான்ல எழுதலாம், படிக்க அவ்வளவு சுகமா இருக்கும், ஆனா அடிப்படை அதே யூசர் கணக்கு. செகண்டுக்கு இத்தனைன்னு வேகம் குடுக்கலாம், யூசர் மாட்டிக்கிட்டா அந்த வேகம் வராது. கேட்லிங்ல செகண்டுக்கு இத்தனை புது யூசர்னு நேராவே சொல்லிரலாம், ஓப்பன் வேற குளோஸ்டு வேறன்னு டாகுமெண்டேஷன்லயே பிரிச்சு எழுதிருக்காங்க, அந்த விஷயத்துல அவங்களுக்கு ஒரு சபாஷ். 1,000 பேரு மாட்டுனாலும் ஆளுக்கொரு த்ரெட் வேணாம்ங்கிறதால அது அசரல. வெஜீட்டா, டபிள்யூஆர்கே2 ரெண்டும் கத்தி மாதிரி கூர்மை, வேகம் மாறாம அடிக்கும், டபிள்யூஆர்கே2 கில் டெனே அவரே இந்த நோய்க்காகப் பண்ணுன மருந்து. ஆனா லாகின் பண்ணி, தேதி பாத்து, நாப்பது சாமி பேரையும் டைப் பண்ணி, பணம் கட்டப் போற ஒரு குருசாமியோட முழுப் பயணத்தை அதுல எழுத உக்காந்தா அடுத்த சீசன் வந்துரும்.

கே6ல நடந்ததுதான் சுவாரஸ்யம். ஸ்வீடன்ல லோட் இம்பாக்ட்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சது, 2021ல கிராஃபானா வாங்கிட்டாங்க. உள்ள 'கோ'ங்கிற லாங்குவேஜ், வெளிய நாம எழுதுறது ஜாவாஸ்க்ரிப்ட். அதுல கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்னு ஒண்ணு இருக்கு, செகண்டுக்கு 50ன்னா 50, அதுக்கு எத்தனை வெர்ச்சுவல் யூசர் வரைக்கும் செலவழிக்கலாம்னு ஒரு உச்சவரம்பு மட்டும் நாம குடுக்கணும். வேணும்னே கஞ்சத்தனமா 100 குடுத்துப் பாத்தோம். அடைப்பு வந்து ரெண்டே செகண்ட்ல அந்த 100 பேரும் மாட்டிக்கிட்டாங்க, அடுத்த 18 செகண்டுக்கு அனுப்ப ஆளே இல்ல. 95வது பெர்சன்டைல் மறுபடியும் 10 மில்லி செகண்ட்! அடப்பாவி, இதுவும் அதே கதையான்னு பாத்தா, கீழ ஒரு வரி: ட்ராப்ட் இட்டரேஷன்ஸ், கிட்டத்தட்ட 900. அனுப்ப வேண்டிய 900 பேரை என்னால அனுப்ப முடியலன்னு அதுவே ஒத்துக்குது. உச்சவரம்பை 1,200ஆ ஏத்துனதும் அந்த 900 பூஜ்யமாச்சு, 95வது பெர்சன்டைல் 17 செகண்டுன்னு நின்னுச்சு, நாம பேப்பர்ல போட்ட அதே கணக்கு.

எனக்கு கே6 மேல மனசு வந்தது இந்த இடத்துலதான். எந்த டூலுக்கும் ஒரு எல்லை இருக்கும், அதை எட்டுன பெறகு அது வாயைத் திறந்து சொல்லுதா சொல்லலையாங்கிறதுதான் எனக்கு முக்கியம். கூட வேலை பாக்குற ஆளா இருந்தாலும் அப்படித்தான.

மத்த சங்கதி

இதுக்கப்புறம்தான் ஷீட்டுல இருக்குற மத்த கட்டம் எல்லாம். கடைசியா நின்னது கேட்லிங்கும் கே6ம். கேட்லிங் ரிப்போர்ட் எனக்கு ரொம்பப் புடிக்கும், ஜாவாலயே எழுதலாம். ஆனா எங்க பசங்க எல்லாம் ஃப்ரன்ட்எண்டு, ஜாவாஸ்க்ரிப்ட்தான் கை வரும், கே6 ஒரே ஒரு ஃபைலு, சர்வர்ல போட்டா ஓடும். இப்ப கேட்லிங்லயும் ஜாவாஸ்க்ரிப்ட் குடுத்துட்டாங்க, ஆனா நாங்க அதுக்குள்ள ஸ்க்ரிப்ட் எழுத ஆரம்பிச்சுட்டோம், மாத்துற அளவுக்கு வித்தியாசம் இல்ல. தங்கச்சி ஜேமீட்டரை விடமாட்டேன்னுட்டா, சின்னச் சின்ன செக்குக்கு அது இருக்கட்டும்னு விட்டாச்சு. கம்பத்துல இருந்து எங்க பிராட்பேண்டு வழியா அடிச்சா முதல்ல சாகுறது எங்க ரவுட்டர்தான், அதனால மும்பை கிளவுட்ல சர்வர் இருக்குற பக்கத்துலயே ஒரு சின்ன மெஷின் எடுத்து அங்க இருந்து ஓட்டினோம். இதுல ஒண்ணு கவனிக்கணும்: லினக்ஸ்ல ஒரு மெஷின்ல இருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு வழக்கமான செட்டிங்ல 28,000 சொச்சம் போர்ட்டுதான் (கனெக்ஷனுக்கான வாசல் நம்பர்) இருக்கு, மூடுன கனெக்ஷன் 60 செகண்ட் அந்த எடத்தை விடாது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது கனெக்ஷன் திறந்தா செகண்டுக்கு 470க்கு மேல தாண்டாது. சர்வர் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்போம், திணறுறது நம்ம அடிக்கிற மெஷினா இருக்கும். பேமெண்ட் கேட்வேயையும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸையும் நிஜமா அடிக்கக் கூடாது, கேட்வேக்காரங்க நம்மளத் தூக்கி வெளிய போட்டுருவாங்க, எஸ்எம்எஸ் பில்லு நம்ம தலையில விழும். ரெண்டுக்கும் டம்மி எழுதி, அந்த டம்மியும் நிஜத்துல ஆகுற மாதிரி ரெண்டு மூணு செகண்ட் இழுக்கணும். உடனே பதில் சொல்ற டம்மியை வச்சா நோயே வெளிய வராது.

எங்க கேஸ்ல நோய் அங்கதான் இருந்துச்சு. பழைய கோடுல, ரூமை லாக் பண்ணி டேட்டாபேஸ் ட்ரான்சாக்ஷனை (முடியுற வரைக்கும் ஒரு கனெக்ஷனைப் புடிச்சு வச்சிருக்குற வேலை) திறந்து வச்சுக்கிட்டே கேட்வேயைக் கூப்பிட்டுருக்காங்க. டேட்டாபேஸோட பேசுற கனெக்ஷன்களைப் பங்கு போட்டுக் குடுக்குற கனெக்ஷன் பூல் ஹிக்காரி, அதுல டீஃபால்ட் 10 கனெக்ஷன், யாரும் தொடல. கேட்வே மூணு செகண்ட் இழுத்தா அந்த மூணு செகண்டும் ஒரு கனெக்ஷன் சும்மா நிக்கும், பத்து பேரு பணம் கட்டப் போனா பதினோராவது ஆளு வெறும் ரூம் லிஸ்ட் பாக்குறதுக்குக் கூட 30 செகண்ட் வரைக்கும் வாசல்ல நிக்கணும். லிட்டில் கணக்கையே திருப்பிப் போட்டு பத்தை மூணால வகுத்தா செகண்டுக்கு மூணு சொச்சம் புக்கிங்தான் தாங்கும். கேட்வே கூப்பிடுறதை ட்ரான்சாக்ஷனுக்கு வெளிய எடுத்ததும் நெலமை மாறிருச்சு, அதுக்கு மேல வந்தா வரிசையில நிக்க வைக்கிற ஒரு பக்கமும் போட்டோம், "உங்களுக்கு முன்னாடி இத்தனை சாமிகள்"னு காட்டுற மாதிரி. அந்த நோயை கே6 இல்லாமலும் கண்டுபிடிச்சிருக்கலாம், கோடைப் படிச்சாலே தெரியும். ஆனா எவ்வளவு தாங்கும்னு ஒரு நம்பர் சொல்றதுக்கு கே6 வேணும்.

அந்த செகண்டுக்கு இத்தனைங்கிற நம்பரை எங்க இருந்து எடுத்தோம்னு கேப்பீங்க. என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக், அதாவது வெப் சர்வர் எப்ப எந்த ரிக்வெஸ்ட் வந்துச்சுன்னு எழுதி வைக்கிற ஃபைலு. சைட்டு படுத்த காலையோட லாக் அழியாம இருந்துச்சு. நாள் கணக்கு, மணிக் கணக்கு எதுவும் உதவாது, செகண்ட் செகண்டா எண்ணணும், திறந்த முதல் சில நிமிஷத்தை மட்டும். அதுலயும் ஒரே ஆளு ரெஃப்ரெஷ் அடிச்சதைத் தனியாப் பிரிக்கணும், இல்லாட்டி படுத்த சைட்டோட கூட்டத்தை நல்லா ஓடுற சைட்டு மேல ஏத்துவோம். போன் நெட்வொர்க்ல நிறைய பேரு ஒரே ஐபி அட்ரஸ்ல வருவாங்கங்கிறதால ஐபியை வச்சுப் பிரிக்க முடியாது, லாகின் குக்கியை வச்சுத்தான் பிரிச்சோம். டூல் எடுக்க செலவழிச்ச நேரத்தைவிட இதுக்குத்தான் அதிகம் செலவாச்சு, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

எல்லாம் முடிஞ்சு சங்கத்துல உக்காந்து கணக்கைக் காட்டுனப்ப பெரியவர் அந்த 9,000 கணக்கை நல்லாப் புடிச்சுக்கிட்டாரு, மத்த ஓனர்களுக்கு அவரே ஏலக் கூடத்தை வச்சு வெளக்குனாரு, நடுநடுவுல மலையாளத்துலயும். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அது சரி தம்பி, அந்த டூல் என்ன வெலை?"ன்னாரு. ஓப்பன் சோர்ஸ்ங்கய்யா, இலவசம்னேன். பில்லை எடுத்து மறுபடி ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "இலவசமா? அப்ப எதுக்குத் தம்பி இம்புட்டு?"

இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.